கிறிஸ்துமஸ் மரத் தொங்கல்கள்: சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சின்னச் சின்ன அலங்காரப் பொருட்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. ஆர்னமென்ட் என்று பலரும் சொல்வதை இங்கே தொங்கல் என்று எழுதுகிறேன்.

நுணுக்கமான தொங்கல் என்று தனியாக ஒன்று உண்டா? எல்லாமே அலங்காரம்தானே?

ஒரே நிறத்தில் ஒரு டஜன் உருண்டைகள் வாங்கி மாட்டினால் மரத்துக்கு நிறம் வந்துவிடும். எட்டி நின்று பார்க்க அது போதும். நுணுக்கமான தொங்கல் நம்மைக் கிட்டே வரச் சொல்லும். கட்டைவிரல் உயரத்தில் ஒரு வீடு. கூரையில் பனி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், வாசற்படியில் ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டி இருப்பதே மூக்கு முட்டும் தூரத்துக்குப் போனால்தான் தெரியும். நான் இவற்றைச் சேர்ப்பதற்குக் காரணம் அந்த நாய்க்குட்டிதான்.

கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டிய பொருள் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்படி எடுத்து வைப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கண்ணாடித் தொங்கல் முதலில் எங்கே வந்தது?

ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லவுஷா என்ற சிற்றூரில். அங்கே 1597லேயே கண்ணாடிப் பட்டறை தொடங்கிவிட்டது. குடும்பம் குடும்பமாகக் குடிநீர்க் குவளை, மணி, பொம்மைக் கண் என்று ஊதிக்கொண்டிருந்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்துக்கான உருண்டைகளை ஊத ஆரம்பித்தார்கள். 1848ஆம் ஆண்டின் ஆர்டர் புத்தகம் ஒன்றில் பல அளவுகளில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகள் என்று பதிவாகியிருக்கிறது. ஆப்பிளும் வால்நட்டும் வாங்கி மரத்தில் கட்டப் பணமில்லாத ஓர் ஏழைத் தொழிலாளி அவற்றையே கண்ணாடியில் ஊதினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆதாரம் இல்லை. ஆனால் பழைய தொங்கல்களில் பழமும் கொட்டையும் அவ்வளவு அதிகமாக இருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரிகிறது.

இரண்டு விஷயங்கள் இந்தத் தொழிலை மாற்றின. ஒன்று, 1867ல் லவுஷாவுக்கு எரிவாயு ஆலை வந்தது. சூடான, சீரான தீ கிடைத்ததும் கண்ணாடியைத் தாள் போல மெலிதாக ஊத முடிந்தது. இன்னொன்று, கண்ணாடிக்குள் பூசும் ரசம். முதலில் ஈயம் கலந்த கலவையை உள்ளே ஊற்றித்தான் பளபளப்பு வரவழைத்தார்கள். பிறகு வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் உருவாக்கிய முறைப்படி வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்றும் கையால் செய்யும் தொங்கல்களுக்குள் இருப்பது அந்த வெள்ளி ரசம்தான்.

விக்டோரியா அரசியும் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாகி, மரம் வைக்கும் ஆசையைப் பல வீடுகளுக்குள் கொண்டுபோனது. அமெரிக்காவில் வுல்வொர்த் என்ற வியாபாரி 1880ல் தன் கடைக்கு ஜெர்மன் தொங்கல்களை, விற்குமோ என்ற தயக்கத்தோடு, கொஞ்சமாக வாங்கி வைத்தார். வைத்த வேகத்தில் தீர்ந்துபோயின. அப்புறம் வருடாவருடம் அதிகமாக வரவழைக்க ஆரம்பித்தார்.

கையால் ஊதிய தொங்கலை எப்படிச் செய்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு தொங்கலைப் பார்க்கும் விதமே மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தீயில் காட்டி, நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் இளக்குவார்கள். இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சுக்குள் அதை வைத்து மூடி, குழாயின் மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார்கள். கண்ணாடி விரிந்து அச்சின் ஒவ்வொரு பள்ளத்திலும் போய் ஒட்டும். சில நொடி வேலைதான். ஆனால் மூச்சு குறைந்தால் முகத்தில் மூக்கு எழும்பாது, கூடினால் சுவர் மெலிந்து பொடியாகிவிடும்.

ஆறியதும், காம்பு போல நீண்டிருக்கும் குழாய் வழியாக ரசக் கரைசலை விட்டு, வெந்நீரில் காட்டிக் குலுக்குவார்கள். நம் கண் முன்னாலேயே கண்ணாடி கண்ணாடியாக, முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறும். உலர்ந்ததும் வெளியே அடிநிறம் தோய்த்து, மறுபடி உலர்த்தி, தூரிகையால் கண், இதழ், பொத்தான், செதில் என்று ஒவ்வொன்றாக வரைவார்கள். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். கடைசியில் மினுக்குப் பொடி. எல்லாம் முடிந்த பிறகு காம்பை வெட்டி, உலோக மூடியைச் செருகுவார்கள். மூடியைக் கழற்றினால் தெரியும் சொரசொரப்பான விளிம்பு அந்த வெட்டின் தழும்புதான். உடைசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

கண்ணாடி தவிர வேறு எதில் நல்ல வேலைப்பாடு கிடைக்கும்?

நிறையவே. எனக்கு மிகவும் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டிரெஸ்டன் அட்டைத் தொங்கல்கள். 1880களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டிரெஸ்டன், லைப்சிக் வட்டாரத்தில் செய்தவை. அட்டையை அச்சில் அழுத்திப் புடைக்கவைத்து, இரண்டு பாதிகளை ஒட்டி, தங்கமோ வெள்ளியோ பூசினால் உலோகத்தில் வார்த்தது போலிருக்கும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. அட்டை என்பதால் ஈரத்தில் அழிந்தவை ஏராளம். மிஞ்சியவற்றுக்குப் போட்டி அதிகம்.

மரத்தில் செய்தவை. ஜெர்மனி எர்ட்ஸ்கெபிர்கே மலையில் சைஃபன் என்ற ஊரில் ஒரு விசித்திரமான கடைசல் உண்டு. ஈரமான மரத்துண்டை வளையமாகக் கடைவார்கள். பள்ளமும் மேடுமாக ஏதோ ஒரு வளையம் போலத்தான் இருக்கும். அதைக் கேக் வெட்டுவது போலத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை, ஒரு பசு! வெட்டும்வரை அந்த உருவம் கண்ணுக்குத் தெரியாது. கடைபவர் அதை மனதில் பார்த்தபடியே கடைகிறார். அதே வட்டாரத்தில் 1915ல் தொடங்கிய வென்ட் அண்ட் க்யூன் நிறுவனத்தின் குட்டித் தேவதைகளுக்குப் பச்சை இறக்கையில் 11 வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அசலா என்று பார்க்கும்போது புள்ளியை எண்ணுவது எங்களுக்குப் பழக்கம்.

செக் மணித் தொங்கல்கள். உள்ளே வெற்றிடமான கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து நட்சத்திரம், விமானம், சிலந்தி என்று உருவம் செய்வது. செக் நாட்டின் போனிக்லா என்ற ஊரில் இந்தக் கைவேலை இன்னும் நடக்கிறது. 2020ல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்தவை. வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 1981லிருந்து ஆண்டுக்கு ஒன்று வெளியிடுகிறது. 1982ல் ஜார்ஜ் வாஷிங்டனில் தொடங்கி ஒவ்வொரு குடியரசுத் தலைவராக வருகிறார்கள். இவற்றில் தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடுகளைப் பார்க்கலாம்.

ரஷ்யத் தொங்கல்கள் தனி உலகம். கிறிஸ்துமஸ் மரத்தைத் தடுத்திருந்த சோவியத் அரசு 1935ல் அதைப் புத்தாண்டு மரமாக மறுபடி அனுமதித்த பிறகு அங்கே செய்தவற்றில் விண்வெளி வீரர், ராக்கெட், மக்காச்சோளம் எல்லாம் உண்டு. எந்தக் காலத்தில் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்று அந்த மரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஹால்மார்க் தொங்கல்கள் பற்றிச் சொல்லுங்கள். வருட வரிசை என்றால் என்ன?

வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்போன அமெரிக்க ஹால்மார்க் நிறுவனம் கீப்சேக் என்ற பெயரில் 1973ல் தொங்கல்களை விற்கத் தொடங்கியது. முதல் வருடம் மொத்தம் 18 தான்: 6 கண்ணாடி உருண்டைகள், 12 கம்பளிநூல் பொம்மைகள். முக்கியமான புதுமை, தொங்கலில் வருடத்தைப் போட்டு அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் விற்றது. அதன் பிறகுதான் ‘இந்த வருடத்து தொங்கல்’ என்ற பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது.

ஒரே கருவில் ஆண்டுக்கு ஒன்றாக வருவது வரிசை. 1980ல் தொடங்கிய ஃப்ராஸ்டி ஃப்ரெண்ட்ஸ் அவற்றில் மிக நீண்டவற்றுள் ஒன்று. வரிசையைச் சேர்ந்தது என்றால், அடியில் அச்சிட்டிருக்கும் குட்டி மரச் சின்னத்துக்குள் ஓர் எண் இருக்கும். வரிசையில் எத்தனையாவது என்பதை அது சொல்லும். 1991ல் விளக்கு மினுக்கும், ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் விண்கலம் வந்ததும், கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் நாட்டமே இல்லாத ஒரு பெரிய கூட்டம் உள்ளே வந்தது.

ஒவ்வொரு வருடமும் ஒன்று என்ற பழக்கம் வெள்ளியிலும் படிகத்திலும் உண்டு. கோரம் நிறுவனம் 1970லிருந்து வெள்ளிப் பனிச்செதில், வாலஸ் நிறுவனம் 1971லிருந்து வெள்ளி மணி, ஸ்வரோவ்ஸ்கி 1991லிருந்து படிகப் பனிச்செதில்.

எதிலிருந்து தொடங்குவது?

வரிசையிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. நாற்பது வருட வரிசையில் நடுவில் நுழைந்தால், விடுபட்டதைத் துரத்துவதே வேலையாகிவிடும். பிடிக்காத வருடத்தையும் எண்ணிக்கைக்காக வாங்குவீர்கள்.

ஒரு கருவை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகள், இசைக்கருவிகள், வீடுகள், நீராவி ரயில்கள், எது உங்கள் கண்ணை இழுக்கிறதோ அது. கரு ஒன்றாக இருந்தால் கண்ணாடி, மரம், உலோகம் என்று பொருள் மாறினாலும் தொகுப்பு சிதறாது. அப்புறம், ஒரே கருவை நாலு பேர் நாலு விதமாகச் செய்திருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் வேலைப்பாட்டைப் பற்றி நாம் கற்றுக்கொள்கிறோம். நான் கண்ணாடிப் பறவைகளில் ஆரம்பித்தேன். கழுத்தில் கொக்கிக்குப் பதிலாகக் காலில் கிளிப், வாலுக்கு நூலாக இழுத்த கண்ணாடி இழை. இருபது பறவைகள் சேர்ந்த பிறகுதான் எது கைதேர்ந்தவர் வரைந்த கண், எது அவசரத்தில் வைத்த புள்ளி என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

நல்ல வேலைப்பாடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்களைப் பாருங்கள். முகம் உள்ள தொங்கலில் தவறு நடப்பது அங்கேதான். இரண்டு விழிகளும் ஒரே திசையைப் பார்க்கிறதா, கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? அந்த ஒரு புள்ளிதான் உயிர்.

அடுத்து, நிறம் அச்சின் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேலங்கியின் மடிப்பு ஓரிடத்தில், சிவப்பு நிற்பது வேறிடத்தில் என்றால் அவசர வேலை. பிறகு பின்புறம். திருப்பிப் பார்த்தால் வெறும் ஒற்றை நிறமாக விட்டிருப்பார்கள் சிலர். மரத்தில் தொங்கும் பொருள் நூலில் சுற்றும், அதற்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. முதுகில் பையின் முடிச்சைக்கூட வரைந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மையை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு லேசாகத் தெரிவது குறை இல்லை. ரெசினில், அதாவது அச்சில் வார்க்கும் செயற்கைப் பிசினில் செய்தவற்றில் விரல், குச்சி, கொம்பு போன்ற மெல்லிய பகுதிகள் உறுதியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் ஒடிவது அவைதான்.

பழையதா, பழையது போலச் செய்த புதியதா? எப்படித் தெரியும்?

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். மூன்று நாலு சேர்ந்து ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

எழுத்து: 1891க்குப் பிறகு அமெரிக்காவுக்குள் போன பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மூடியிலோ பெட்டியிலோ மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகள், 1952 வரை. ஆனால் மூடி கழன்று மாறக்கூடிய பொருள் என்பதை மறக்க வேண்டாம். ஜெர்மனி பிரிந்தபோது லவுஷா கிழக்கில் மாட்டிக்கொண்டது. எல்லை தாண்டி மேற்கே போன கைவினைஞர்களும் அதே தொழிலைத் தொடர்ந்ததால், ஒரே சாயலில் இரண்டு நாட்டு முத்திரைகள் வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

போர்க்காலம்: ஜெர்மன் இறக்குமதி நின்றபோது அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி ஆலை, மின்விளக்குக் குமிழ் ஊதும் இயந்திரத்தைத் தொங்கல் ஊதத் திருப்பியது. ஷைனி பிரைட் என்ற பெயரில் வந்தவை இவை. போர் முற்றியதும் வெள்ளியும் உலோகமும் கிடைக்கவில்லை. அதனால் உள்ளே ரசம் இல்லாமல், வெறும் கண்ணாடியில் மெல்லிய வண்ணக் கோடுகளோடு, காகித மூடி போட்டு விற்றார்கள். அந்தக் காகித மூடி இருந்தால் தேதியை யூகிக்கவே வேண்டாம்.

தேய்மானம்: நிஜமான பழசு, கை படும் இடத்திலும் கிளை உரசும் இடத்திலும் தேய்ந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராக மங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கூகல் என்று அழைக்கப்படும் தடித்த கண்ணாடி உருண்டைகளுக்கும் திராட்சைக் கொத்துகளுக்கும் போலிகள் நிறைய. வாங்குவதற்கு முன் அசல் ஒன்றையாவது கையில் பிடித்துப் பாருங்கள்.

விலை ஏறும் என்று நம்பி வாங்கலாமா?

வேண்டாம். சில மட்டும் ஏறும், பெரும்பாலானவை வாங்கிய விலைக்குக் கூடப் போகாது. ஏராளமாக அச்சடித்து ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்று பெயர் வைத்தால் அது அரிதாகிவிடாது.

பெட்டியை வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருங்கள். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும்தான். அந்தப் பொருளின் வடிவத்துக்கென்றே குழி வெட்டிய பெட்டியைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. தயாரிப்பு வருடம், வடிவமைத்த கலைஞரின் பெயர் ஆகியவையும் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும்.

மரத்தில் எப்படி மாட்டினால் நுணுக்கம் தெரியும்?

பலரும் வருடம் முழுக்கத் தேடிச் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் மாட்டித் தொலைத்துவிடுகிறார்கள். எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

விளக்கு முதலில், மணிச்சரம் அடுத்து, தொங்கல் கடைசி. விளக்குச் சரத்தைக் கிளையின் நுனியில் மட்டும் சுற்றாமல், தண்டு வரை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே வெளிச்சம் இருந்தால் ஒவ்வொரு தொங்கலுக்கும் பின்னாலிருந்து ஒளி கிடைக்கும்.

பிறகு சாதாரண உருண்டைகள், உள்ளே, தண்டுக்குப் பக்கத்தில். அவை வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி வீசும் கண்ணாடிகளாக வேலை செய்யட்டும். நுணுக்கமானவை வெளிப்பக்கம், மார்பு உயரத்திலிருந்து கண் உயரம் வரை. அதுதான் மரத்தின் முதல் வரிசை நாற்காலி. அதற்கு மேலே பெரிய, எளிய உருவங்கள் போதும். ஒன்றின் காலடியில் இன்னொன்று இடிக்காமல், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கைப்பிடி வெற்றிடம் விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கினால் கண் எதிலும் நிற்காது.

கனமானவை தடித்த கிளையில், தண்டை ஒட்டி. உண்மையான மரம் வைப்பவர்களுக்கு நோபிள் ஃபர் என்ற ஊசியிலை மரம் நல்லது. கிளைகள் விறைப்பாக, இடைவெளி விட்டு இருக்கும். எவ்வளவு நல்ல மரமானாலும் கிளை நாளாக நாளாகத் தாழும் என்பதால் வாரம் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள்.

தொங்கலோடு வரும் மெல்லிய கம்பிக் கொக்கியை நான் பயன்படுத்துவதில்லை. கொஞ்சம் தடித்த, வளைக்கக்கூடிய கம்பியில் கொக்கி செய்து, கிளையைச் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கிவிடுவேன். சுற்றாமல் நேராகப் பார்க்க வேண்டிய முகங்களுக்குக் கொக்கியின் கீழ் முனையையும் இறுக்கிவிட்டால் அப்படியே நிற்கும். மாட்டுவதற்கு முன் மூடியை லேசாக இழுத்துப் பாருங்கள். கண்ணாடித் தொங்கல் விழுவதில் பெரும்பங்கு மூடிக்குள்ளிருக்கும் இரண்டு கம்பிக் கால்கள் தளர்ந்துபோவதால்தான். அந்தக் கால்களை வெளியே எடுத்து விரித்துவிட்டுத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

பழைய ஜெர்மன் பாணியில் வாத்து இறகில் செய்யும் மரம் ஒன்று உண்டு. கிளைகளுக்கு நடுவே இடைவெளி நிறைய, பச்சை குறைவு. சிறிய, அபூர்வமான தொகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான மரத்தை நான் பார்த்ததில்லை.

எந்த விளக்கு நல்லது?

இளமஞ்சள் எல்இடி. சூடாகாது. சூடாகும் பழைய பெரிய பல்புகளைப் பெயின்ட், மெழுகு, பிளாஸ்டிக் எதற்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பல நிற விளக்கு அழகுதான், ஆனால் தூரிகை வேலையின் உண்மை நிறத்தை அது மறைத்துவிடும்.

மரம் வைக்க இடமில்லை, அல்லது வருடம் முழுக்கப் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?

வளைந்த கம்பித் தாங்கி ஒன்றில் ஒற்றைத் தொங்கலை மாட்டி, கண்ணாடிக் கூண்டால் மூடி மேசையில் வைக்கலாம். தூசியும் படாது. கதவுள்ள கண்ணாடி அலமாரி இருந்தால், மேல்தட்டின் அடியில் ஒரு கம்பியை நீட்டி வெவ்வேறு நீளமுள்ள நூலில் வரிசையாகத் தொங்கவிடலாம். பின்புறம் கருநீலம் அல்லது கரும்பச்சைத் துணி ஒட்டினால் ரசம் பூசியவை மின்னும்.

ஜன்னலில் மட்டும் வேண்டாம். வெயிலில் முதலில் சிவப்பு வெளுக்கும், பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். போன நிறம் திரும்பாது. அலமாரியிலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இருட்டில் ஓய்வு கிடைக்கும்.

வீட்டில் பூனை இருக்கிறது. சின்னக் குழந்தையும் இருக்கிறது.

மரத்தை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாத மீன்பிடி நூலால் சுவரில் இரண்டு இடங்களில் கட்டுங்கள். கீழ்வரிசை முழுக்க மரம், துணி, கம்பளி. குழந்தை கைக்கு எட்டுவது தொடக்கூடியதாகவே இருக்கட்டும். தொட்டுப் பார்க்கத்தானே அது வருகிறது. வாயில் போடும் அளவு சிறியவை மட்டும் மேலே போகட்டும். பூனைக்கு ஆபத்து ஜரிகை இழைதான். விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும், அதை வைக்கவே வேண்டாம்.

தூசியை எப்படித் துடைப்பது?

ஈரத்தை மறந்துவிடுங்கள். பழைய கண்ணாடித் தொங்கல்களின் நிறங்களில் பல தண்ணீரில் கரைபவை. ஒரு பழைய கிளியை ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். இறக்கையின் பச்சை முழுவதும் துணியோடு வந்துவிட்டது. எழுபது எண்பது வருடம் யாரோ காப்பாற்றி வைத்திருந்த நிறம். கண்ணாடி துடைக்கும் திரவத்துக்கும் இதேதான்; அதிலிருக்கும் அம்மோனியா நிறத்தையும் கரைக்கும், ரசத்தையும் கெடுக்கும்.

மென்மையான ஓவியத் தூரிகை போதும். மேலிருந்து கீழாக, அழுத்தாமல். மினுக்குப் பொடி உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம். மரத்தில் மாட்டும்போதும் கழற்றும்போதும் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம், விரலின் எண்ணெய் ரசத்தையும் பித்தளையையும் மங்கவைக்கும்.

எடுத்து வைப்பது எப்படி?

தொங்கல்கள் மரத்தில் கெடுவதைவிடப் பெட்டியில்தான் அதிகம் கெடுகின்றன. பதினொரு மாதம் அங்கேதானே இருக்கின்றன.

இடம்: மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணும் வேண்டாம், ஈரமான கீழறையும் வேண்டாம். வெப்பம் ஏறி இறங்கும்போது கண்ணாடியும் பெயின்ட்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நிறம் செதிலாக உரியும். ஈரம் மூடி வழியாக உள்ளே போனால் ரசம் கறுத்துப் புள்ளி விழும். மனிதர்கள் வசிக்கும் அறையின் உள்சுவர் அலமாரிதான் நல்லது.

சுற்றுவதற்கு அமிலமில்லாத டிஷ்யூ காகிதம். செய்தித்தாள் வேண்டாம், மையும் ஒட்டும், அமிலமும் உண்டு. குமிழி பிளாஸ்டிக்கைப் பெயின்ட் மேல் நேரடியாகச் சுற்றினால் வட்டம் வட்டமாக அச்சு விழுந்துவிடும். காகிதம் முதலில், குமிழி பிளாஸ்டிக் வெளியே என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து வாயை மூடாதீர்கள், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கொக்கியைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். பக்கத்துத் தொங்கலைக் கீறுவது அதுதான். கனமானவை அடித்தட்டில், ஒவ்வொன்றும் தனி அறையில். மெழுகுத் தேவதைகளுக்குத் தனிப் பெட்டி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். மாவு, பாஸ்தா, விதை கொண்டு குழந்தைகள் செய்தவற்றை மற்றவற்றோடு வைக்காமல் இறுக்கமான டப்பாவில் தனியாக வையுங்கள். பூச்சிக்கு அது சாப்பாடு.

விளக்கு, சத்தம், அசைவு உள்ளவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

ஆம். கழற்றி வைக்கும் அன்றே பேட்டரியை எடுத்துவிடுங்கள். ‘அடுத்த வருடமும் ஓடும்’ என்று விட்டால், கசிந்து உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை அரித்துவிடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

பழைய வகைகளில் சில, விளக்குச் சரத்தில் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழியில் செருகி ஓட்டுபவை. அவை இழை பல்புச் சரத்துக்காகச் செய்தவை. எல்இடி சரத்தில் செருகாதீர்கள், எரிந்து போகலாம். அவற்றுக்கென்று பழைய சரம் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய அலங்காரங்களில் ஆபத்து ஏதாவது?

இரண்டைச் சொல்ல வேண்டும். பழைய வெள்ளி ஜரிகை இழைகளில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் 1972ல்தான் அதைக் கைவிட்டார்கள். பழைய பெட்டியில் கனமாக, தொய்வாகத் தொங்கும் இழை கிடைத்தால் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். இன்னொன்று, 1930களிலும் 40களிலும் வந்த செயற்கைப் பனி. அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்ததுண்டு. அந்தக் காலத்துப் பெட்டியில் வெண்பொடி இருந்தால் ஊதவோ தட்டவோ வேண்டாம்.

வெள்ளரிக்காய்த் தொங்கலைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்பது பழைய ஜெர்மன் வழக்கமாமே?

அப்படித்தான் அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் பரவிய பழக்கம் அது. ஆனாலும் பச்சைக் கிளைக்குள் பச்சைத் தொங்கலைத் தேடும்போது குழந்தைகள் மற்ற எல்லாத் தொங்கல்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அதற்காகவே நான் ஒன்று மாட்டுவேன்.

உடைந்துவிட்டால்?

மெலிதாக ஊதிய கண்ணாடி நொறுங்கினால் ஒட்ட முடியாது. இரண்டு மூன்று பெரிய துண்டாக இருந்தால் காட்சிக்காக ஒட்டலாம், மரத்தில் மாட்டக் கூடாது. கழுத்து மட்டும் உடைந்திருந்தால் கொஞ்சம் பெரிய மூடி போட்டு மறைத்துவிடலாம். இதற்காகவே உடைந்தவற்றின் மூடிகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். ரெசினும் மரமும் என்றால் ஒடிந்த துண்டைத் தேடி எடுத்து, துளிப் பசையில் ஒட்டலாம். பெயின்ட் உதிர்ந்த இடத்தை நீங்களே நிரப்ப வேண்டாம். உதிர்ந்தது அதன் வயது.

எதை எப்போது வாங்கினோம் என்று எழுதி வைப்பது அவசியமா?

இரண்டு மூன்று டஜன் தாண்டினால் அவசியம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: படம், அளவு, செய்தவர் அல்லது நாடு, கிடைத்த வருடம், பெட்டி எங்கே. கூடவே, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று ஒரு வரி. வேறொருவரின் தொகுப்பு ஒன்று முழுதாக என் கைக்கு வந்தபோது நான் மிகவும் தேடியது அந்த ஒரு வரியைத்தான். எல்லாம் நல்ல நிலையில் இருந்தன, ஒரு தகவலும் இல்லை. ஒரே ஒரு மரக் குதிரையின் வயிற்றில் மட்டும் பென்சிலால் ஒரு பெயரும் 1958 என்றும் எழுதியிருந்தது. அந்தக் குதிரையை ஒவ்வொரு வருடமும் முதலில் மாட்டுகிறேன், வயிற்றுப் பக்கம் வெளியே தெரியும்படி.